பலத்த காற்று என்றால் எவ்வளவு காற்று?

எவ்வளவு காற்று அடித்தால் அது பலத்த காற்று? ஏழு வருடம் இந்த மேசையில் இருந்துவிட்டேன். இன்னும் எனக்குப் பதில் தெரியாது. வாடகைக்கு வண்டி எடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் தாளில், "பலத்த காற்றிலும் கனமழையிலும் ஓனிங்கைச் சுருட்டிவிடவும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தமிழில் எழுதித் தட்டச்சு செய்தவள் நான்தான். எழுதும்போது நல்ல வரியாகத்தான் பட்டது.

இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. இந்த மாத முடிவோடு வேலையை விடுகிறேன். என் இடத்துக்கு இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். வியாபாரிகள் சங்கத்து மலருக்கு எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, உங்களுக்குச் சொல்லவேண்டியதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர், கழிவறைப் பெட்டி எல்லாம் ஒரு கிழமையில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஓனிங் அப்படியல்ல.

மலரை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்களுடைய இடம் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில், டிராம் பாதைக்குப் பின்னால் உள்ள ஒரு முற்றம். அதில் ஆறு மோட்டார்ஹோம்கள் நிற்கின்றன. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டிகள். கோடை விடுமுறைக்கும் நீண்ட வார இறுதிகளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்துப் போவார்கள். ஓனிங் என்பது வண்டியின் பக்கச் சுவரில், மேல் விளிம்பை ஒட்டி ஒரு நீளப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும் துணிக்கூரை. கைபிடியைச் சுற்றினால் துணி வெளியே நீளும். முன்சட்டத்திலிருந்து இரண்டு கால்களை இறக்கி நிலத்தில் ஊன்றினால் ஐந்து நிமிடத்தில் ஒரு பந்தல் கிடைத்துவிடும். நம்முடைய ஆட்கள் கட்டிலைப் பார்ப்பதற்கு முன்பு அதைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கீழே எத்தனை கதிரை போடலாம், பெரிய பானை வைக்கலாமா என்று கணக்குப் பார்ப்பார்கள்.

பந்தல் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பந்தல் தன் காலில் நிற்கும். ஓனிங் வண்டியின் சுவரில் சில ஆணிகளில் தொங்குகிறது. அது வெயிலுக்குச் செய்தது. காற்று அடியில் புகுந்தால் தூக்கி வண்டிக்கு மேலால் புரட்டிவிடும். மழை வேறு மாதிரி. சத்தம் போடாமல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அதை நான் முதல் மாதத்திலேயே பார்த்தேன். ஒரு வண்டியின் துணியைக் கழுவிவிட்டு, காயட்டும் என்று முற்றத்தில் விரித்து வைத்திருந்தேன். மழை வந்தது. துணியில் மழை விழும் சத்தம் பறை அடிப்பதுபோல அலுவலக அறைக்குள் கேட்டது. வாடிக்கையாளர் ஒருவரோடு தொலைபேசியில் இருந்ததால் எழும்பிப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் குறைந்தது. மழை விட்டுவிட்டது என்று நினைத்து ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டியே உடைந்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மழை விடவேயில்லை. துணி தொய்ந்து நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதன்பின் மழை துணியில் விழவில்லை, தண்ணீரில் விழுந்திருக்கிறது. அதனால்தான் சத்தம் குறைந்தது. பாரம் தாங்காமல், துணியைப் பிடித்து நீட்டும் இரும்புக் கைகளில் ஒன்று வளைந்து, எல்லாமாகச் சேர்ந்து கீழே வந்திருந்தது.

எங்கள் முதலாளி இருபது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவரை எல்லாரும் ஜேர்மன் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் வளைந்த கையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"மழை விட்டிட்டுதெண்டு நினைச்சனீரோ?"

"ஓம் அண்ணை."

"மழை விட்டால் எங்கட ஆக்கள் முதல் வெளியில வந்து கையை நீட்டிப் பாப்பினம். நீர் அதுகூடச் செய்யேல்லை."

அவ்வளவுதான். நான் அன்று இரவே அந்தத் தாளை எழுதினேன். கனமழை, பலத்த காற்று, சுருட்டிவிடவும். மழை வந்தால் ஓனிங்கின் ஒரு காலைப் பதித்து, அதாவது மற்றதைவிடத் தாழ்த்தி விடவும், தண்ணீர் அந்த மூலையால் வழிந்துவிடும். எழுதினால் கடமை முடிந்தது என்ற நினைப்பு எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

இனி றீற்றா அக்காவின் கதை. என் மகள் ஷெரினுக்கு அப்போது நாலு வயது.

ஒவ்வொரு கோடையிலும் இங்கே உள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மாதா கோயிலுக்கு யாத்திரை போவார்கள். பஸ்களிலும் கார்களிலும் ஆயிரக்கணக்கில் போய் ஒரு வயல்வெளியில் இறங்குவார்கள். பூசை, மாதாவின் சொரூபத்தைச் சுமந்து போகும் சுற்றுப்பிரகாரம், பிறகு அந்த வயலிலேயே சமையல். எங்கள் கோயில் பங்கிலிருந்து போகிற குழுவுக்குத் தலைவி றீற்றா அக்கா. மன்னார்ப் பக்கத்துப் பெண். பாடகர் குழுவை அவர்தான் நடத்துகிறார். ஒருவர் சுருதி பிசகினால் பாட்டை நிறுத்தாமலே திரும்பிப் பார்ப்பார். அந்த வருடம் பஸ்ஸோடு எங்களிடம் ஒரு மோட்டார்ஹோமும் எடுத்தார். என் கணவரும் ஷெரினும் அந்தக் குழுவோடு போவதாக ஏற்பாடு. எனக்குச் சனிக்கிழமை வேலை. வண்டிகள் வெளியே நிற்கும் நாளில் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழக்கிழமை வண்டியைக் காட்டி ஒப்படைக்கும்போது ஓனிங்கை விரித்தேன். பழக்கத்தில் இடதுபக்கக் காலைப் பதித்துத்தான் வைத்தேன். றீற்றா அக்கா நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"இது ஏன் சரிஞ்சு நிக்குது?"

தண்ணீர் வழியத்தான் என்று சொன்னேன்.

"இதுக்குக் கீழதான் பிள்ளை மாதாவை வைக்கப்போறம். மாதாவுக்கு மேல கோணல் கூரையோ?"

நான் காலை உயர்த்தி நேராக்கிக் காட்டினேன். மழை வந்தால் இதைப் பதித்துவிடுங்கள் என்று சொல்லித் தாளில் அந்த வரியின் கீழ் கோடும் போட்டேன். அவர் தாளை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். கையெழுத்து வாங்கிவிட்டேன். இதை நீங்கள் கவனிக்கவேண்டும். அவர் கேட்டதற்கு நான் உடன்பட்டது மரியாதைக்காக. கோடு போட்டது எனக்காக.

இன்னொன்றையும் நான் யோசித்திருக்கவேண்டும். நானும் றீற்றா அக்காவின் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவள்தானே. சொரூபம் வைக்கிற பந்தலுக்கு நாங்கள் உட்பக்கம் வெள்ளை கட்டுவோம். மேலே ஓலையோ தகரமோ படங்கோ எதுவாகவும் இருக்கட்டும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குச் சுருக்கம் இல்லாத வெள்ளைத் துணிதான் தெரியவேண்டும். றீற்றா அக்காவும் வெள்ளை கட்டியிருக்கிறார். ஓனிங்கின் கைகளிலும் கால்களிலும் முடிச்சுப் போட்டு, துணிக்கூரைக்கு ஒரு முழம் கீழே, நேர்த்தியாக. அதனால் இரண்டு காரியம் நடந்தது. கூரையைச் சுருட்டுவதென்றால் முதலில் முடிச்செல்லாம் அவிழ்க்கவேண்டும். கூரை தொய்ந்தாலும் கீழே இருப்பவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை பதினொரு மணியளவில் இங்கே மிச்சத்தில் காற்று எழும்பியது. முற்றத்து வாசலில் கட்டியிருந்த எங்கள் பெயர்ப் பதாகை அடித்துக்கொண்டது. யாத்திரை போனவர்களைக் கூப்பிடலாமா, செபநேரத்தில் தொந்தரவாக இருக்குமா என்று கால் மணித்தியாலம் யோசித்தேன். பிறகு றீற்றா அக்காவைக் கூப்பிட்டேன். காற்று எப்படி என்று கேட்டேன்.

"காத்து இருக்கு. ஆனா நீர் எழுதின மாதிரிப் பலத்த காத்தில்லை."

"பதாகை எல்லாம் அடிக்குதோ அக்கா?"

"இது காத்தே பிள்ளை? இந்தக் காத்துக்கு நாங்கள் மன்னாரில உடுப்புக் காயப்போடுவம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்ததும் மனம் லேசாகிவிட்டது. தாளில் உள்ள சொல்லை நான் கொடுத்திருந்தேன். அவர் அந்தச் சொல்லுக்கு உண்மையான பதிலைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட காற்றோடு ஒப்பிட்டால் அது பலத்த காற்று இல்லைத்தான்.

ஒரு மணிக்கு இங்கே மிச்சத்தில் மழை தொடங்கியது. வானொலியில் கிழக்கே மழை இன்னும் கூடுதல் என்றார்கள். மறுபடி கூப்பிட்டேன். றீற்றா அக்காதான் எடுத்தார். நல்ல மழை, வயலெல்லாம் சேறு, ஆனால் ஒருவரும் நனையவில்லை, பஸ்ஸுக்குப் போகாத எல்லாரும் ஓனிங்குக்குக் கீழேதான், செபமாலை நடக்கிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். என் கணவர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நிற்கப் போயிருந்தார். ஷெரினை அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். பின்னால் அருள்நிறை மந்திரம் தெளிவாகக் கேட்டது. பெண்கள் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதி.

காலைப் பதித்தீர்களா என்று கேட்டேன். இல்லை, பதித்தால் சொரூபத்தின் கிரீடம் வெள்ளையில் முட்டும் என்றார். மேலே தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. வெள்ளை நேராய்த்தான் இருக்கு."

நான் சரி என்று சொல்லப்போனேன். வாயில் அந்தச் சொல் வந்தும்விட்டது. அப்போதுதான் எனக்குப் பட்டது. இவ்வளவு மழையென்றால் நான் ஏன் இவருடைய மெல்லிய குரலைக் கேட்கிறேன்? இறுக்கமாக விரித்த துணியில் நல்ல மழை விழுந்தால் கீழே நிற்பவர்கள் கத்தித்தான் கதைக்கவேண்டும். எனக்கு மந்திரத்தின் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. பறைச் சத்தத்தைக் காணவில்லை.

"அக்கா, மழை விட்டிட்டுதோ?"

"விடேல்லை. நல்லா ஊத்துது. இப்ப சத்தம்தான் குறைஞ்சிருக்கு."

தாளின்படி நான் இப்போது சொல்லவேண்டியது காலைப் பதியுங்கள் என்பது. நான் சொல்லவில்லை. மேலே அவ்வளவு தண்ணீர் தேங்கிய பிறகு ஒரு காலை இறக்கினால் முழுப் பாரமும் ஒரேயடியாக அந்த மூலைக்கு ஓடும். இறக்குகிறவரின் தலைக்கு மேலேதான் அந்த மூலை. அப்படி நினைத்தது சரியா என்று ஜேர்மன் அண்ணையிடம் பிறகு கேட்டேன். சரியாயிருக்கலாம் என்றார்.

எல்லாரும் வெளியே வாருங்கள் என்று சொன்னேன். றீற்றா அக்காவுக்கு அது விளங்கவில்லை. மழைக்குள்ளேயா என்று கேட்டார். நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். துணி, பாரம், ஆணி என்று ஏதேதோ சொன்னேன். என் குரல் வழக்கம்போல மன்னிப்புக் கேட்கிற குரலாகத்தான் இருந்திருக்கும். "இந்தப் பத்து முடியட்டும் பிள்ளை" என்றார். செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

"என்ர பிள்ளை எங்க நிக்கிறாள் அக்கா?"

"இஞ்சதான். மாதாவுக்கு முன்னால இருக்கிறாள்."

"அவளை மழைக்க விடுங்கோ."

ஷெரினையா என்று கேட்டார்.

இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியவேண்டுமென்றால் என்னைத் தெரிந்திருக்கவேண்டும். ஷெரினுக்கு அந்தக் கிழமை முழுவதும் இருமல். வியாழக்கிழமை றீற்றா அக்காவிடம் இரண்டு மழைக்கோட்டும் ஒரு தொப்பியும் கொடுத்தேன். நனைய விடவேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரவு அதையே சொல்ல மறுபடி கூப்பிட்டேன். பங்கில் என்னைக் காய்ச்சல்மானி என்று பகிடி பண்ணுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"இப்பவே விடுங்கோ அக்கா. கோட்டுத் தேடவேண்டாம்."

செபமாலை நின்றது. பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை அழுதது. ஷெரினா என்று தெரியவில்லை. அதன்பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்போது மற்றத் தொலைபேசி அடித்தது. இல்ஃபோர்ட்டிலிருந்து ஒருவர், ஓகஸ்ட் மாதத்துக்கு வண்டி இருக்கிறதா என்று கேட்டார். நான் முன்பதிவுக் கொப்பியைத் திறந்து பார்த்து, இருக்கிறது என்று சொல்லி, அவருடைய பெயரையும் திகதியையும் எழுதிக்கொண்டேன். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து ஒழுங்காக இருந்தது. அதை எப்படி எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை.

இருபது நிமிடம் கழித்து என் கணவர் கூப்பிட்டார். பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள், தலையோடு நனைந்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை என்று முதலில் சொன்னார். மீதியைப் பிறகு சொன்னார். ஷெரினை வெளியே விட்டதும் மற்றத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். றீற்றா அக்கா கடைசி. அவர் அங்கே கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானையின் காஸை நிறுத்திவிட்டு, சொரூபத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே காலை வைத்தபோது ஒரு காற்று வந்திருக்கிறது. ஓனிங் சுவரிலிருந்து கழன்று, தண்ணீரும் வெள்ளையும் சட்டமுமாகக் கதிரைகளின் மேல் விழுந்தது. முன்சட்டத்தின் நுனி அவருடைய தோளில் தட்டியது. கண்டல் காயம் மட்டும்தான்.

காஸை நிறுத்தச் சொல்ல நான் மறந்துபோனேன். நான் மறந்ததை அவர் செய்தார். அவர் செய்யாமல் விட்டிருந்தால், கொதிக்கும் பானையின் மேல் அந்தச் சட்டம் விழுந்திருக்கும். நான் இன்று வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது எழுதியிருக்கவே மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வண்டியைத் திருப்பித் தர றீற்றா அக்காவே வந்தார். கழன்ற ஓனிங்கைச் சுற்றிக் கட்டி, வெள்ளையைத் தோய்த்து மடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் தேநீர் கொடுத்தேன். தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீர் இதை முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான் அக்கா. கோடும் போட்டனான்."

"நீர் பலத்த காத்தெண்டு எழுதினீர். கடைசியா வந்ததுகூடப் பலத்த காத்தில்லை."

ஜேர்மன் அண்ணை உள்ளறையிலிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. றீற்றா அக்கா சொன்னது சரி.

அதற்குப்பிறகு நான் சில மாற்றங்கள் செய்தேன். ஓனிங்கை நேராக விரித்துக் காட்டுவதில்லை, யார் கேட்டாலும். வெள்ளை கட்டுவீர்களா என்று வெளிப்படையாகக் கேட்கிறேன். கட்டுகிறவர்களை ஓனிங்கில் அல்ல, வெளியே தனிக்கூடாரத்தில் கட்டச் சொல்கிறேன். மழைச் சத்தம் குறைந்தால் வெளியே வந்து பாருங்கள் என்று தாளில் ஒரு வரி சேர்த்தேன். காற்றுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜேர்மன் அண்ணை ஒரு காற்றளவி வாங்கி வந்து வண்டிக்கு வண்டி வைத்தார். ஒருவரும் பார்க்கவில்லை. கடற்கரை ஊர்க்காரரிடம், படகு இறக்காத காற்றுக்கு முன்னாலேயே சுருட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விளங்கியது. கிங்ஸ்பரியிலிருந்து வந்த ஒரு இளம் குடும்பத்திடம் குடை திரும்புகிற காற்று என்று சொன்னேன். அவர்கள் குடையே வைத்திருப்பதில்லையாம். குடை திரும்பும்வரை காத்திருந்தால் பிந்திவிடும் என்பதும் பிறகுதான் யோசித்தேன்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறு. அந்த ஓனிங்குக்குக் கீழே பதினொரு பேர் இருந்தார்கள். நான் ஒருத்தியைப் பற்றித்தான் கேட்டேன். மற்றவர்களை வெளியே எடுக்க அதைத் தெரிந்தே சொன்னேனா, அல்லது என் பிள்ளை மட்டும் வெளியே வந்தால் போதும் என்று சொன்னேனா? மற்றவர்கள் வெளியே வந்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. எனக்கு அவை ஒன்றல்ல. மற்றத் தாய்மார் கோயிலில் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக் கதைக்கிறார்கள். நான் பிள்ளைகளின் சுகத்தை விசாரிக்கிறேன்.

இனி அந்தத் தொலைபேசியை எடுக்கப்போவது நீங்கள். ஒரு மழைநாளில் உங்களிடமும் யாரோ மெல்லிய குரலில், இங்கே ஒன்றும் பிரச்சினையில்லை என்று சொல்லுவார்கள். அது பிழை என்று உங்களுக்குத் தெரியும். காரணம் சொல்ல நேரம் இருக்காது. தாளில் உள்ள வரி உதவாது. எனக்கு அன்று மழைக்குள் விடச் சொல்ல ஒரு பிள்ளை அங்கே இருந்தாள். உங்களுக்கு இருக்கமாட்டாள். இருக்கவும் வேண்டாம்.

அப்போது என்ன சொன்னால் அவர்கள் எழும்பி வெளியே வருவார்கள்? நான் பல வாக்கியங்கள் எழுதிப் பார்த்து வெட்டிவிட்டேன். இந்தத் தொழிலில் நீண்டநாள் இருக்கிறவர்கள், வேறு தொழிலில் இப்படித் தொலைபேசியில் ஆட்களை வெளியே எடுத்தவர்கள், யாராவது ஒருவர் அந்த ஒரு வாக்கியத்தை எனக்குச் சொல்லித் தாருங்கள். மேசையை ஒப்படைக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தாளில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.